பால் துண்டும் பட்டிக் காணியும்: வாசகர் கேள்வி பதில்

மலையகத்தில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து வந்த ஐந்து கேள்விகள் இம்முறை.

நானும் பக்கத்து லயத்து அக்காவும் ஒரே சேகரிப்பு நிலையத்துக்குத்தான் பால் ஊற்றுகிறோம். இருவருக்கும் நாளுக்கு எட்டு லீற்றர். ஆனால் மாதக் கடைசியில் அவருக்குக் கூடுதலாகக் காசு வருகிறது. நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலப்பதில்லை. எங்கே பிழை?
வாசகி, லிந்துலை

பாலை அளப்பது லீற்றரில் என்றாலும் விலை போடுவது கொழுப்புக்கும், கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள புரதம், சர்க்கரை, உப்புகள் எனப்படும் கொழுப்பற்ற திண்மத்துக்கும்தான். நிலையத்தில் தரும் பால் துண்டில் இந்த இரண்டு எண்களும் இருக்கும். அக்காவின் துண்டையும் உங்கள் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண் குறைகிறதோ, காரணமும் அந்தப் பக்கம்தான்.

கொழுப்பு குறைந்தால் முதலில் கன்றைக் கவனியுங்கள். மடியிலிருந்து முதலில் வரும் பாலில் கொழுப்பு 1 முதல் 2 வீதம்தான் இருக்கும். கடைசிப் பாலில் 5 வீதத்துக்கு மேல் போகும், சில மாட்டில் 10 வரைகூட. சுரப்பு இறங்கக் கன்றை விட்டு, பிறகு கறந்து, "மிச்சத்தைக் குடிக்கட்டும்" என்று மறுபடி அவிழ்த்து விடுவது நம் பட்டிகளில் வழக்கம். அந்த மிச்சத்தில்தான் வெண்ணெய் இருக்கிறது! கன்றைப் பட்டினி போடச் சொல்லவில்லை. ஒட்டக் கறந்துவிட்டு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கை வாளியில் அளந்து கொடுங்கள். 30 கிலோ கன்றுக்கு நாளுக்கு 3 லீற்றர், இரண்டு வேளையாக. ஈன்ற முதல் ஐந்து நாள் சீம்பால் முழுவதும் கன்றுக்குத்தான். அதை நிலையத்துக்கு ஊற்றினால் மொத்தக் கேனும் திரியும்.

புல்லைக் குறைத்துப் புண்ணாக்கையும் தவிட்டையும் கூட்டினாலும் கொழுப்பு இறங்கும். நார் இல்லாவிட்டால் மாடு அசைபோடுவது குறையும், கொழுப்பும் அதோடு போகும்.

கொழுப்பற்ற திண்மம் குறைகிறதென்றால் மாட்டுக்குத் தீனி போதவில்லை, அல்லது மடி நோய் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். தயிர்த் துணுக்குப் போல ஏதும் தெரிந்தால் அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போக வேண்டும். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கலப்பதில்லை என்கிறீர்கள், நம்புகிறோம். ஆனால் பீலியில் கழுவிய கேனைக் கவிழ்த்து வைக்காமல் அப்படியே பால் ஊற்றினால் 200 மில்லிலீற்றர் வரை உள்ளே நிற்கும். எட்டு லீற்றரில் அது ஏறக்குறைய 2.5 வீதம். 4.0 கொழுப்பு 3.9 ஆக இறங்க அது போதும்.

பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. கறந்து அரை மணி நேரமாவது ஆறவிட்டு, நுரை அடங்கியதும் மேலும் கீழுமாகக் கலக்கி, உயரமான ஜாடியில் ஓரமாக ஊற்றி, மானியை மெல்ல இறக்குங்கள். நல்ல பால் 28 முதல் 32 வரை காட்டும். ஒன்பது லீற்றர் பாலில் ஒரு லீற்றர் தண்ணீர் சேர்ந்தால் 30 காட்டியது 27 ஆகும். பால் சூடாக இருந்தாலும் எண் இறங்கும். மானியில் குறித்த வெப்பநிலையைவிட ஒவ்வொரு பாகை செல்சியஸ் கூடும்போதும் சுமார் 0.2 ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டுச் சேகரிப்பாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேட்டிலிருந்து அரை மணி நேரம் சுமந்து வந்த கேனில் ஆடை மேலே எழும்பியிருக்கும். கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்தால் கொழுப்புக் குறைவாகத்தான் வரும். உங்கள் கண்முன்னே கலக்கி எடுக்கச் சொல்லுங்கள். நிலையத்தில் லீற்றரில் அளக்கிறார்களா, கிலோவில் நிறுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். 10 கிலோ பால் என்றால் 9.7 லீற்றர்தான்.

மாட்டுப்பட்டி கட்ட மானியம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். கேட்கப் போனால் காணி உறுதி கேட்கிறார்கள். மூன்று தலைமுறையாக லயத்தில் இருக்கும் எங்களிடம் உறுதி ஏது?
வாசகர், பொகவந்தலாவை

நம் நாட்டில் சிறு பண்ணையாளருக்கான திட்டங்களைப் போடுபவர்கள் மனதில் வைத்திருப்பது சொந்தக் காணியுள்ள கிராமத்து விவசாயியை. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1992 இல் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போய், 53 ஆண்டுக் குத்தகையில் 2045 வரை அவர்களிடம் இருக்கிறது. ஆக உறுதி உங்களிடமும் இல்லை, தோட்ட முகாமையாளரான துரையிடமும் இல்லை. கேட்கும் உத்தியோகத்தருக்கு இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

உறுதிக்குப் பதிலாக வேறு கடதாசிகளைக் கட்டிவைக்க வேண்டும். முதலில், உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணையைப் பதிவு செய்யுங்கள். ஒரு மாடு இருந்தாலும் அது பண்ணைதான். பதிவில் பார்ப்பது மாடு யாருடையது, எங்கே நிற்கிறது என்பதைத்தான். காதில் இலக்கத் தகடும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது துரையின் சம்மதக் கடிதம். வாய்ப்பேச்சு உதவாது, துரை மாறினால் பேச்சும் மாறும். தோட்டம் பயப்படுவது மூன்றுக்கு: மாடு தேயிலைக்குள் இறங்குவது, சாணம் கானில் ஓடிக் குடிதண்ணீரில் கலப்பது, மரம் வெட்டுவது. ஆகவே விண்ணப்பத்திலேயே பதிலை எழுதிக் கொடுங்கள்: மாடு கட்டிவைத்துத்தான் வளர்க்கப்படும், மூடிய சாணக் குழி வெட்டப்படும், பட்டி இன்ன டிவிசனில் இன்ன லயத்துக்குப் பின்னால் இத்தனை அடிக்கு இத்தனை அடி. இரண்டு மாட்டுக்கு, தீனித் தொட்டியும் சாணக் கானும் சேர்த்து 10 அடிக்கு 12 அடி போதும். பதில் கடிதத்திலும் அந்த அளவு இருக்கட்டும்.

மூன்றாவது, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. நான்காவது, ஆறு மாதப் பால் துண்டுகள். இந்த நாலும் கையில் இருந்தால் மறுப்பது கஷ்டம்.

அதிகம் பிழைப்பது பெயரில். பால் இலக்கம் மனைவி பெயரில், பண்ணைப் பதிவு கணவர் பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில் என்று இருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். எல்லாம் ஒரே ஆள் பெயரில், அடையாள அட்டையில் உள்ள எழுத்தோடு இருக்க வேண்டும். மாட்டைப் பார்ப்பவர் மனைவியானால் அவர் பெயரிலேயே போடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் குழப்பம் உண்டு. கால்நடைத் துறை மாகாண சபைக்கும் உரியது என்பதால் நுவரெலியா மாவட்டத்து அலுவலகங்கள் மத்திய மாகாணத் திணைக்களத்தின் கீழும், பதுளையில் உள்ளவை ஊவாவின் கீழும் வருகின்றன. பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் திட்டங்கள் தனி, பிரதேச செயலகத்தின் வாழ்வாதாரப் பணம் தனி. ஓரிடத்தில் "முடிந்துவிட்டது" என்றால் மற்ற இரண்டிலும் கேளுங்கள். பிரதேச சபையையும் விட்டுவிடாதீர்கள். 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று நீண்ட காலம் கைவிரித்தார்கள். அது 2018 இல் திருத்தப்பட்டது. பட்டிக்குப் போகும் பாதை, பொதுச் சாணக் குழி போன்றவற்றை இப்போது கேட்கலாம்.

வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்திருக்கிறது. மானியத்தில் கிடேரி தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டு எடுக்கலாமா?
வாசகர், நானுஓயா

ஒன்று எடுக்கவே யோசியுங்கள். கணக்கைப் பாருங்கள். 400 கிலோ மாடு நாளுக்கு 40 கிலோ பச்சைப் புல் தின்னும். வருடத்துக்கு 14 தொன்னுக்கு மேல். கோ 3 என்ற தீவனப் புல்லை நன்றாகப் பராமரித்து ஹெக்டயருக்கு 150 தொன் எடுத்தாலும் ஒரு மாட்டுக்கே கிட்டத்தட்ட 40 பேர்ச்சஸ் வேண்டும். உங்களுக்குக் கிடைத்த ஏழில் வீடு இரண்டு பேர்ச்சஸைப் பிடித்துவிடும். கிடேரி கொடுக்கும் திட்டங்கள் புல்லுக்குக் காணி கொடுப்பதில்லை. நல்ல இனக் கிடேரிகள் ஈன்ற பிறகு எலும்பும் தோலுமாவது பெரும்பாலும் இதனால்தான்.

கிடேரிக்குக் கையெழுத்துப் போடும் முன் ஆற்றோரம், கைவிட்ட தேயிலை மலை, றோட்டோரக் கரை என்று புல்லுக்கு இடம் கேட்டுக் கடிதம் வாங்குங்கள். கோ 3 தண்டை இரண்டு அடி இடைவெளியில் நட்டால் முதல் வெட்டு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. நானுஓயாக் குளிரில் இதைவிடத் தாமதமாகும். உயரம் கூடிய இடத்தில் கிக்கியு புல் தானாகவே படரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைபோல் நினைத்தபோதெல்லாம் ஒடிக்கலாம் என்று நிழல் மரங்களில் கைவைக்காதீர்கள், தோட்டத்தோடு வம்பு வரும். கவ்வாத்து (கிளை வெட்டும்) நேரத்தில் வெட்டிப்போடும் முள்ளுமுருக்கு இலையைக் கேட்டு வாங்கலாம், புரதம் நிறைந்தது. தேயிலைக் கானில் புல் அறுப்பதானால் களைகொல்லி எப்போது அடித்தார்கள் என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்காமல் அரிவாளை வைக்காதீர்கள்.

மூன்று முறை சினை ஊசி போட்டும் மாடு சினைப்படவில்லை. அரசாங்க ஊசி சரியில்லை என்கிறார்கள். உண்மையா?
வாசகி, வெலிமடை

பெரும்பாலும் பிழை ஊசியில் இல்லை, நேரத்தில். மாடு சினைக்குத் தயாராகும் பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைப் பகிர்வுக்கு) போய் மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, அப்போதுதான் தொடங்கியதென்று நினைத்து மறுநாள் ஊசி போட்டால், பருவம் ஏற்கெனவே முடிந்திருக்கலாம். விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணியளவிலும் ரோச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி நூல் போலச் சளி தொங்கும், மாடு கத்தும், பால் குறையும், மற்ற மாடு ஏறினால் அசையாமல் நிற்கும். வாலில் இரத்தக் கறை கண்டால் நேரம் போய்விட்டது. அன்றைய திகதியைக் குறித்து, அதிலிருந்து 17 ஆம் நாள் தொடங்கிக் கண்வைத்திருங்கள்.

ஊசி போட்ட அட்டையில் காளையின் இலக்கமும் இனமும் எழுதச் சொல்லுங்கள். மலைநாட்டுக்கு பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் மூன்றும் பொருந்தும் என்றாலும், புல் குறைந்த லயத்து மாட்டுக்கு உடல் சிறுத்த ஜேர்சிதான் எங்கள் தெரிவு. கொழுப்பும் கூட. மூன்று முறை தவறியபின் நான்காவது ஊசிக்கு ஆளைக் கூப்பிடாதீர்கள், வைத்தியரைக் கூப்பிட்டுக் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறக்குமதிப் பால்மாவுக்கு வரி கூட்டினால் நமக்குப் பால் விலை கூடுமா? பதுளையிலிருந்து மாடு வாங்கி வர என்ன கடதாசி வேண்டும்?
வாசகர், மஸ்கெலியா

வரி கூடினாலும் நம் பால் விலை உடனே ஏறாது. ஒரு கிலோ முழு ஆடைப் பால்மாவுக்கு ஏறக்குறைய 8 லீற்றர் பால் வேண்டும், 400 கிராம் பக்கெற்றுக்கு 3.2 லீற்றர். பக்கெற் விலையை 3.2 ஆல் வகுத்து, உங்கள் துண்டில் உள்ள லீற்றர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருக்கும்போதுதான் கம்பனிகள் உள்ளூர்ப் பாலைத் தேடி மேட்டுக்கு லொறி அனுப்பும். ஒரே ஆள் தனித்துக் கேட்டால் விலை அசையாது, சங்கமாகப் பாலைச் சேர்த்துக் குளிரூட்டித் தொட்டியில் 4 பாகையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் பேரம் பேச இடமுண்டு.

மாடு கொண்டுவர, 1992 இன் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி, விற்பவரின் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் சுகாதாரச் சான்று எடுக்க வேண்டும். 1958 இன் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ், மாடு யாருடையது என்று காட்டும் மாட்டுச் சீட்டும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். காது இலக்கமும் சீட்டில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று லொறியில் ஏற்றும் முன் பாருங்கள், சோதனைச் சாவடியில் அல்ல. கால் வாய் நோயோ தோல் கழலை நோயோ பரவியிருக்கும் காலத்தில் பயணம் தடைப்படும். முற்பணம் கொடுக்கும் முன்பே வைத்திய அலுவலகத்துக்கு ஒரு போன் எடுங்கள். கொண்டுவந்த மாட்டை இரண்டு வாரமாவது பழைய மாட்டோடு சேர்க்காமல், தொட்டியும் வாளியும் தனியாக வைத்துக் கட்டுங்கள்.