குண்டான பூனைக்கு எந்த உணவு சரி?

‘கருத்தடை செய்த பூனை, ஆறரைக் கிலோ, லைட் என்று போட்ட பாக்கெட்டை வாங்கினால் போதுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘லைட்’, அதாவது கலோரி குறைவு என்ற அந்த வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் விலாவைத் தடவிப் பாருங்கள். புறங்கை எலும்பைப் போல லேசாகத் தட்டுப்பட்டால் சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடுதல்தான்.

பூனை முழு மாமிசப் பிராணி. எடை குறையும்போது தசை கரையாமலிருக்கப் புரதம் நிறைய வேண்டும். உலர் உணவில் ஈரம் சுமார் 10 சதவீதம். டின், பவுச்சில் வரும் ஈர உணவில் 75க்கு மேல். அதனால் குறைந்த கலோரியிலேயே வயிறு நிறையும். என் ஓட்டு ஈர உணவுக்கே. உலர் உணவுதான் என்றால் தட்டில் எப்போதும் கொட்டி வைக்காமல், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து வேளைக்கு வேளை வையுங்கள். ‘ஒரு கைப்பிடி’ கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். (பாட்டி ஊட்டும் தயிர்சாதமும் கணக்கில் வரும்!)

பட்டினி மட்டும் போடாதீர்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாரத்துக்கு ஒரு சதவீத எடை குறைந்தால் போதும். புது உணவைப் பழையதோடு கலந்து ஏழெட்டு நாளில் மாற்றுங்கள். அளவை மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.