ஜாவாஸ்கிரிப்டில் மேப்புக்குக் கொடுத்த ஃபங்ஷனுக்குள் நான் எந்த மதிப்பும் அனுப்பவில்லையே, அது எங்கிருந்து வருகிறது?

[1, 2, 3].மேப்(இரட்டி) என்று எழுதியிருக்கிறீர்கள். மேப் என்பது பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டி, விடைகளைப் புதிய பட்டியலாகத் தருவது. எண்ணை இரண்டால் பெருக்கும் இரட்டி(எண்) என்ற ஃபங்ஷனில் அந்த 'எண்' இடத்துக்கு 1, 2, 3 என்று யார் கொடுத்தது என்பதுதானே கேள்வி? மேப் கொடுத்தது. நீங்கள் இரட்டியை அழைக்கவே இல்லை, மேப்பிடம் ஒப்படைத்தீர்கள், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டில் எண், சரம் (எழுத்துகளின் தொடர்) போல ஃபங்ஷனும் ஒரு மதிப்பு என்பதால் இது முடிகிறது.

மேப் போன்ற ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள், குழப்பம் போய்விடும்:

ஃபங்ஷன் என்மேப்(பட்டியல், செயல்) {
  கான்ஸ்ட் விடை = [];
  ஃபார் (லெட் இ = 0; இ < பட்டியல்.லெங்த்; இ++) {
    விடை.புஷ்(செயல்(பட்டியல்[இ], இ, பட்டியல்));
  }
  ரிட்டர்ன் விடை;
}

(நீங்கள் வைக்கும் பெயர்கள் தமிழில் இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும். கான்ஸ்ட், ஃபார், புஷ் என்று மொழியோடு வருபவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

என்மேப்([1, 2, 3], இரட்டி) என்று அழைத்ததும் 'செயல்', 'இரட்டி' இரண்டு பெயரும் ஒரே ஃபங்ஷனைக் குறிக்கின்றன. புஷ் வரியில் 'செயல்' பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறதல்லவா, அங்கேதான் இரட்டி ஓடுகிறது, மதிப்பும் அங்கேதான் உள்ளே போகிறது. எப்போது ஓட வேண்டும், என்னென்ன மதிப்பு போக வேண்டும் என்பதெல்லாம் அழைப்பவர் முடிவு. வழக்கமான தவறுகள் பலவும் இதை மறப்பதால் வருபவை.

முதலாவது, செட்டைம்அவுட்(வாழ்த்து(), 1000). செட்டைம்அவுட் என்பது கொடுத்த ஃபங்ஷனை இத்தனை மில்லிசெகண்ட் கழித்து ஓட்டுவது. இங்கே வாழ்த்து உடனே ஓடிவிடும். அது திருப்பித் தந்த மதிப்புதான், பெரும்பாலும் அன்டிஃபைன்ட் (மதிப்பு எதுவும் இல்லை என்பது), செட்டைம்அவுட்டுக்குப் போகும். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் டைப்எரர் என்ற பிழை வரும். பிரவுசரில் அதுகூட வராது, அதனால் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். வாழ்த்துக்கு ஒரு மதிப்பு அனுப்ப வேண்டுமானால் () => வாழ்த்து('மாலை') என்று ஆரோ ஃபங்ஷனால், அதாவது அம்புக்குறி போட்டு எழுதும் குறுகிய ஃபங்ஷனால், சுற்றிக் கொடுங்கள்.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யமானது. பார்ஸ்இன்ட் என்பது சரத்தை முழு எண்ணாக மாற்றும் ஃபங்ஷன். ['1', '2', '3'].மேப்(பார்ஸ்இன்ட்) என்றால் 1, 2, 3 வராது. 1, NaN, NaN என்று வரும், அதாவது எண் அல்லாதது என்று சொல்லும் அந்த மதிப்பு. மேலே புஷ் வரியில் மூன்று மதிப்புகள் போவதைக் கவனித்தீர்களா? உண்மையான மேப்பும் அப்படித்தான் உறுப்பு, அதன் வரிசை எண், முழுப் பட்டியல் மூன்றையும் அனுப்புகிறது. இரட்டி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பார்ஸ்இன்ட்டோ இரண்டாவதை எண்முறையின் அடிமானமாக (வழக்கமான எண்களுக்கு 10, இரும எண்களுக்கு 2) எடுத்துக்கொள்ளும். அடிமானம் 0 என்றால் கொடுக்காதது போலத்தான், எனவே '1' சரியாக வந்தது. 1 என்ற அடிமானம் செல்லாது. அடிமானம் 2-இல் '3' என்ற இலக்கமே கிடையாது. சரம் => பார்ஸ்இன்ட்(சரம், 10) என்று எழுதினால் தீர்ந்தது.

அடுத்தது 'திஸ்', அதாவது ஃபங்ஷன் எந்தப் பொருளின் மேல் அழைக்கப்பட்டதோ அதைக் குறிக்கும் சொல். செட்டைம்அவுட்(பயனர்.காட்டு, 1000) என்று கொடுத்தால் ஃபங்ஷன் மட்டும்தான் போகும், 'பயனர்' கூடப் போகாது. உள்ளே திஸ்.பெயர் கேட்டால் அன்டிஃபைன்ட். () => பயனர்.காட்டு() என்று சுற்றுங்கள், ஃபங்ஷனோடு திஸ்ஸைக் கட்டிவைக்கும் பைண்ட் பயன்படுத்தினாலும் சரி.

ஆனால் இப்படிச் சுற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. கிளிக் போன்ற நிகழ்வுக்கு ஓட வேண்டிய ஃபங்ஷனை (லிஸனர்) சேர்க்கும் ஆட்ஈவென்ட்லிஸனருக்கு ஒரு ஆரோ ஃபங்ஷனும், அதை நீக்கும் ரிமூவ்ஈவென்ட்லிஸனருக்கு எழுத்து மாறாமல் இன்னொன்றும் எழுதினால் அவை இரண்டு தனித்தனி ஃபங்ஷன்கள். லிஸனர் நீங்காது. ஒரு கான்ஸ்டில் வைத்து அதையே இரண்டு இடத்திலும் கொடுங்கள்.

புதிதாக ஒரு மெத்தட் என்னென்ன அனுப்புகிறது என்று தெரியாவிட்டால் கன்சோல்.லாக்கையே அதனிடம் கொடுத்துப் பாருங்கள். [7, 8].ஃபார்ஈச்(கன்சோல்.லாக்) முதல் வரியில் 7, 0, பட்டியல் என்றும் அடுத்த வரியில் 8, 1, பட்டியல் என்றும் அச்சிடும்.