உயிர்காப்புப் படகுக்கு உயிலில் பங்கு எழுதலாமா?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சவுத்எண்ட் கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு பல கோடைகளைக் கழித்தவன் நான். அங்குள்ள உயிர்காப்புப் படகுகளை ஓட்டும் ஆர்.என்.எல்.ஐ. (ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன்) என்னும் தொண்டு நிறுவனத்துக்கு உயிலில் ஒரு தொகை எழுத விருப்பம். மகனோ, ‘கடலில் தத்தளிப்பவரைத் தூக்குவது அரசின் வேலை, நாற்பது வருடம் வரி கட்டியது போதாதா?’ என்கிறான். யார் சொல்வது சரி?”

உங்கள் மகன் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. பிரித்தானியாவில் கடல் மீட்பு ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துதான் நடக்கிறது. ஆபத்தில் 999 அழைத்துக் கடலோரக் காவல் வேண்டும் என்றால், மறுமுனையில் பேசுபவர் அரசு ஊழியர். தேவைப்பட்டால் வரும் ஹெலிகாப்டரும் அரசின் ஒப்பந்தத்தில் பறப்பது. நீங்கள் கட்டிய வரி அதற்கெல்லாம் போயிருக்கிறது. ஆனால் அந்த ஊழியர் சொன்னதும் கடலில் இறங்கும் படகில் பெரும்பாலானவை ஆர்.என்.எல்.ஐ.யுடையவை. ஆண்டுக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும் அந்த நிறுவனம், பெரும்பகுதி நன்கொடையிலும், அதிலும் முக்கியமாக உங்களைப் போன்றோர் எழுதும் உயில்களிலும் ஓடுகிறது.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததன்று. மான் தீவில் (ஐல் ஆஃப் மேன்) வாழ்ந்து, கப்பல்கள் உடைவதைக் கண்ணால் கண்ட சர் வில்லியம் ஹில்லரி முதலில் அரசைத்தான் நாடினார். கிடைத்த ஆதரவு சொற்பம் என்பதால் செல்வந்தர்களிடம் போனார். 1824 மார்ச் 4 அன்று நிறுவனம் பிறந்தது. இடையில், 1854 முதல் 1869 வரை, அரசு மானியத்தையும் அது வாங்கிப் பார்த்தது; பிறகு தானாகவே வேண்டாம் என்று விட்டுவிட்டது. அரசு பணம் வந்தால் அதனுடன் அரசின் கட்டளையும் வரும், ‘அரசே கொடுக்கிறதே’ என்று ஊர்மக்களின் கை சுருங்கும் என்ற கவலை இன்றும் அங்கு உயிரோடு இருக்கிறது.

அந்தக் கவலையைப் பழங்கதை என்று தள்ள எனக்கு மனமில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அருகருகே நடந்த இரண்டு நிகழ்வுகளை வைத்துப் பாருங்கள். 1969இல் கெய்ஸ்டர் என்னும் சிற்றூரின் படகு நிலையத்தை ஆர்.என்.எல்.ஐ.யே மூடியது. தொண்டு நிறுவனமும் தவறாகக் கணக்குப் போடும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஊரார் சும்மா இருக்கவில்லை. தாங்களே பணம் திரட்டி, தனி அமைப்பாகப் படகை ஓட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். 2013இல் அதே கரையில், பக்கத்து நகரமான கிரேட் யார்மத்தில், கடலோரக் காவலின் ஒருங்கிணைப்பு மையத்தை அரசு மூடியது. எதிர்ப்பு இருந்தும் அதை யாரும் ஏற்று நடத்த முடியவில்லை, ஏனெனில் அது ஊரின் கையில் இருந்ததில்லை. செலவுக் குறைப்பு என்று ஓர் அமைச்சகம் முடிவெடுத்துவிட்டால் ஊருக்கு மிஞ்சுவது மனு கொடுக்கும் உரிமை மட்டுமே.

படகு நிலையம் ஒன்றின் உடைமாற்றும் அறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மஞ்சள் நிறக் காற்சட்டைகள் கீழே சுருட்டப்பட்டு, அவற்றுக்குள்ளேயே பூட்ஸ் நின்றுகொண்டிருக்கும். பேஜர் அலறியதும் வேலையை விட்டு ஓடிவரும் தச்சரோ ஆசிரியையோ அப்படியே காலை நுழைத்து மேலே இழுத்துக்கொள்வார். அந்த ஓட்டத்துக்குப் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவதில்லை. அதே ஓட்டத்தைச் சம்பளத்துக்கு வாங்குவதென்றால், இருநூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் இரவு பகல் பணிமுறை வகுக்க வேண்டும். செலவு பன்மடங்காகும், செலவு கூடியதும் முதலில் மூடப்படுவது அழைப்பு குறைந்த சிற்றூர் நிலையமே. ஆனால் தன்னார்வலர் எல்லா இடத்துக்கும் போதுமானவர் அல்லர். தேம்ஸில், அரசின் கோரிக்கையின் பேரில், 2002இல் திறந்த டவர் நிலையத்தில் (பெயர்தான் டவர், இருப்பது வாட்டர்லூ பாலத்தருகே) முழுநேரச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். அழைப்பு அந்த அளவுக்கு அதிகம்.

உங்கள் மகனின் பாதி நியாயம் இருப்பது கரையில், படகில் அல்ல. 2016 ஆகஸ்ட் 24 அன்று, கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் லண்டன் தமிழ் இளைஞர் ஐவர் மூழ்கி இறந்ததை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரந்த மணல் திட்டுகளும் வேகமாக ஏறும் கடலும் கொண்ட அந்தக் கரையில் அன்று உயிர்காப்பாளர் எவரும் இல்லை. எந்தப் படகும் அழைப்புக்குப் பிறகுதான் வரும். உயிர்காப்பாளர் அழைப்புக்கு முன்பே அங்கே நிற்பவர். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அங்கு ஆர்.என்.எல்.ஐ.யின் உயிர்காப்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். இவர்கள் படகுக்காரரைப் போலன்றிச் சம்பளம் பெறுபவர்கள். அந்தச் செலவில் உள்ளூர் கவுன்சில்களும் பங்கேற்கின்றன. ஓர் ஊர் கடற்கரையைக் காட்டி வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிக்கிறது என்றால், அங்கு ஆள் நிறுத்துவது அந்தக் கவுன்சிலின் கடமை என்றே நான் கருதுகிறேன். இதற்கு உண்டியல் குலுக்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது.

ஆகவே படகுக்காக உயிலில் எழுதுங்கள். வரி இருமுறை கட்டுவதாகாது. எழுதும்போது ‘சவுத்எண்ட் கடல் மீட்புக் குழுவுக்கு’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். கடலோரக் காவல் அரசினுடையது, தனிப் படகு அமைப்புகள் வேறு தொண்டு நிறுவனங்கள். பெயர் தெளிவில்லாத உயில் வழக்கறிஞருக்குத்தான் வருமானம் தரும். நிறுவனத்தின் முழுப் பெயரையும் தொண்டு நிறுவனப் பதிவு எண்ணையும் குறிப்பிடுங்கள். சவுத்எண்டுக்கே போக வேண்டும் என்ற ஆசையைக் கட்டாய நிபந்தனையாக அல்லாமல் விருப்பமாக எழுதுங்கள். கெய்ஸ்டரைப் போல நிலையம் மூடப்பட்டாலும் தொகை முடங்காது.

தொண்டு நிறுவனத்துக்கு எழுதும் தொகைக்கு வாரிசுரிமை வரி இல்லை. வரிக்குரிய சொத்தில் பத்தில் ஒரு பங்காவது அப்படிப் போனால், மீதிக்கான வரி வீதமும் 40 விழுக்காட்டிலிருந்து 36 ஆகக் குறையும். அதைக் கணக்கிட்டுக் காட்டினால் மகனின் குரல் சற்றுத் தணியக்கூடும். உயிரோடிருக்கும்போதே கொடுப்பதானால், ஒரு பவுண்டுக்கு அரசு 25 பென்ஸ் கூடுதலாகச் சேர்க்கும் கிஃப்ட் எய்ட் கட்டத்தில், அந்த ஆண்டில் போதிய வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கட்டியிருந்தால் மட்டும் அடையாளமிடுங்கள். ஓய்வூதியம் வரி வரம்புக்குக் கீழே இருந்து அடையாளமிட்டுவிட்டால், அந்த 25 பென்ஸை வரித்துறை உங்களிடமே கேட்கும்.