ரத்தான துருவப் பயிற்சி – கடிதம்

ஐயா, வணக்கம்.

நான் ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துச் சூலூர்ப்பேட்டைக்காரி. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. விலங்கியல் கடைசி ஆண்டு படித்தபோது, 2020 கோடையில் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் பார்னகிள் வாத்துகளின் கூடுகளைக் கண்காணிக்கும் எட்டு வாரக் களப்பயிற்சிக்கு ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் என்னைத் தேர்ந்தெடுத்தது. விசாவுக்குத் தேதி வாங்கிய வாரத்தில் கொரோனா வந்து எல்லாம் ரத்து. ஆறுதலுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: முந்தைய ஆண்டுகளில் கூட்டருகே வைத்த கேமராக்களின் படங்களை வீட்டிலிருந்தே பார்த்துப் பிரிப்பது. மூன்று மாதம் வெறும் எக்செல் கட்டங்களை நிரப்பினேன். இப்போது தடா பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்த வேலையைப் பயிற்சி என்று விண்ணப்பத்தில் போடலாமா? ஆர்க்டிக் ஆசையை விட்டுவிடுவதுதான் சரியா? எங்கள் ஊரில் ராக்கெட்டும் பூநாரையும் தவிர என்ன இருக்கிறது? துருவ உயிரியல் என்றாலே சிரிக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

2020-இல் விட்டுப்போன களக் கணக்குகளைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அந்த இடத்திலேயே கைவைத்துவிட்டது.

விண்ணப்பத்தில் தாராளமாகப் போடுங்கள். ‘தொலைவழிப் பயிற்சி, 2020’ என்று ஒரு வரி போதும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அந்தப் பயிற்சி ஏன் ரத்தானது என்பதில் உங்களுக்கு இன்னும் மனக்குறை இருப்பது தெரிகிறது. சில வாரம் தள்ளிவைத்திருக்கலாமே என்று தோன்றலாம். ஸ்வால்பார்டில் அந்த வாத்துகள் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் முட்டையிடும். அடைகாப்பு ஏறக்குறைய 25 நாள். ஜூலைத் தொடக்கத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். வந்தவர்களைப் பத்து நாள் தனிமையில் அடைத்தாலே கிட்டத்தட்டப் பாதி அடைகாப்பு முடிந்துபோகும். அங்கே பெரிய மருத்துவமனையும் கிடையாது. நோய் முற்றினால் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வட நார்வேயிலுள்ள டிராம்சோவுக்கு விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இருக்கும் நி-ஒலசுண்டில் எல்லா நாட்டு ஆட்களும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடுவார்கள்; ஒருவருக்கு வந்தால் ஊருக்கே வரும். துருவப் பனியோடு மிதந்துகொண்டிருந்த போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலே 2020 மே மாதம் ஆள் மாற்றுவதற்காகத் தன் பனித்திட்டை விட்டு ஸ்வால்பார்டு வரை வந்து போகவேண்டியிருந்தது. எட்டு வார மாணவப் பயிற்சியை யார் காப்பாற்றியிருக்க முடியும்? உங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் உங்களைக் கைவிடவில்லை. அந்த வருத்தத்தை இறக்கிவையுங்கள்.

ஆனால் ‘வெறும் எக்செல் கட்டங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கோபம் வருகிறது. மூன்று மாதம் கூட்டுப் படங்களைப் பிரித்தவருக்கு அதன் அருமை தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? அங்கே கோடையில் இரவே கிடையாது. வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது. கேமராவின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறதா, இரண்டு மணி நேரம் முந்திய நார்வேயின் கோடை நேரத்தில் ஓடுகிறதா என்று பார்க்காமல் விட்டால் அடைகாப்பு இடைவேளைகளின் நேரம் அத்தனையும் தப்பாகிவிடும். லென்ஸில் மூடுபனி படிந்த படத்தை ‘வாத்து இல்லை’ என்று குறிப்பதும் ‘தெரியவில்லை’ என்று குறிப்பதும் ஒன்றல்ல என்று நீங்கள் அந்த மூன்று மாதத்தில்தான் கற்றிருப்பீர்கள். இந்தப் பழக்கம் உங்கள் கையில் இருக்கட்டும். கீழே அதற்கு வேலை இருக்கிறது.

இனி அந்த ராக்கெட்டும் பூநாரையும். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைத் திருவிழா நடக்கிறது, பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள், இளஞ்சிவப்பாக நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பூநாரையின் காலடியில், சேற்றோடு சேறாக, சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருப்பதை யார் பார்க்கிறார்கள்? கர்லியூ சாண்ட்பைப்பர் என்கிற வளைமூக்கு உள்ளான் அது. எடை 50, 60 கிராம். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பமும் அதைச் சுற்றிய துந்திரா என்ற மரமில்லாத குளிர்நிலமும். வருடத்தில் பெரும்பகுதி அது இருப்பது நம் பக்கத்து நீர்நிலைகளில். நீங்கள் போக முடியாமல் போன ஆர்க்டிக்கின் கோடைக் கணக்கு இந்தப் பறவையில் ஏறி உங்கள் பழவேற்காட்டு ஏரிக்கே வருகிறது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

எப்படி என்று சொல்கிறேன். துந்திராவில் லெம்மிங் என்ற சிறு எலியினம் உண்டு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெருகி, பிறகு சட்டென்று சரியும். பெருகிய வருடத்தில் ஆர்க்டிக் நரியும் ஸ்குவா என்ற கடற்பறவையும் லெம்மிங்கைத் தின்றே வயிறு நிரப்பும். உள்ளானின் முட்டை தப்பும். சரிந்த வருடத்தில் அவை தரைக் கூடுகளைத் தேடிப்போகும், குஞ்சே மிஞ்சாது. அதனால் இங்கே வரும் கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை அந்த வருடத்து இளம்பறவை என்று எண்ணினால், அங்கே அந்தக் கோடை எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். இது புதிய சங்கதி இல்லை. ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வெகுகாலமாகச் செய்கிறார்கள். வடகிழக்கு கிரீன்லாந்தில் 2000-ஐ ஒட்டி லெம்மிங்கின் அந்த ஒழுங்கே குலைந்துவிட்டது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு சைபீரியக் களங்களோடு மேற்கத்திய ஆய்வுக் குழுக்களுக்கு இருந்த தொடர்பும் பெரும்பாலும் அறுந்தது. 2024-இல் இந்தப் பறவை, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-இன் பட்டியலில் அழிவு அபாயமுள்ள வரிசைக்கு வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

எண்ணும் காலத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். இந்த இனத்தில் ஆண் அடைகாப்பதில்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே துந்திராவை விட்டுக் கிளம்பிவிடும். பிறகு பெண், கடைசியாகத்தான் இளசுகள். ஆகஸ்டில் எண்ணினால் அத்தனையும் முதிர்ந்தவையாக இருக்கும்; இந்த வருடம் குஞ்சே இல்லை என்று தப்பாக எழுதிவைப்பீர்கள். நவம்பர் நடுவில் போனால் இளசுகள் முதுகு இறகை மாற்றிச் சாம்பலாகிவிடும், அடையாளம் பிடிபடாது. அதற்குள் வடகிழக்குப் பருவமழையில் ஏரியும் நிறைந்து, ஆழமில்லாத நீரில் மேயும் இந்தப் பறவை வேறிடம் போய்விடும். ஆக செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, வாரம் ஒரு காலை. ஒவ்வொரு வருடமும் அதே வாரங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் இருக்கிறது, நல்லதுதான். அது மொத்த எண்ணிக்கையைத் தரும், வயதைத் தராது.

பைனாகுலர் போதாது. 20–60 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பும் ஆடாத டிரைபாடும் வேண்டும். வாங்க வேண்டியதில்லை, பறவை பார்ப்பவர்களிடம் இரவல் கேளுங்கள். ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியை மேற்கிலிருந்து கிழக்காக அறுத்துக்கொண்டு போகிறது. செப்டம்பருக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்து எழுவதால், சாலையின் வடபுறத்துப் பறவைகள்மீதுதான் வெளிச்சம் விழும். தென்புறம் பார்த்தால் வெறும் கறுப்பு உருவங்கள். ஆறு மணிக்கு நின்றால் எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் சேற்றின் மேல் கானல் ஆடும், இறகின் ஓரம் தெரியாது. எண்பது மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கூட்டத்தை விட்டுவிடுங்கள். சோதனைச் சாவடிப் பக்கம் ஸ்கோப்பைத் திருப்ப வேண்டாம். பள்ளியின் அடையாள அட்டை பையில் இருக்கட்டும்.

இளசு எப்படி இருக்கும்? முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய ஓரம், அந்த ஓரத்துக்குச் சற்று உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு. இறகெல்லாம் ஒரே நாளில் தைத்ததுபோல் ஒழுங்காக, செதில் செதிலாகத் தெரியும். மார்பில் லேசான சந்தன நிறம். முதிர்ந்தது கந்தலாக இருக்கும்: பழைய இறகும் புதுச் சாம்பல் இறகும் கலந்து, வயிற்றில் துருநிறத் திட்டுகள் மிஞ்சியிருக்கும். ஒரு வாரம் முழுக்க இதை மட்டும் பாருங்கள், எண்ண வேண்டாம். கண் பழகிய பிறகு எண்ணுங்கள்.

கூட்டம் முழுவதையும் எண்ண முயலாதீர்கள். ஸ்கோப்பை ஒரு கோடியில் வைத்து மறுகோடி வரை மெல்ல நகர்த்துங்கள். கண்ணாடியில் வரும் ஒவ்வொரு பறவைக்கும் மூன்றில் ஒன்று: முதிர்ந்தது, இளசு, தெரியவில்லை. நூறு பறவைக்காவது வயது குறிக்காமல் சதவீதம் போடாதீர்கள். இளசுகளுக்குப் பயம் குறைவு. நல்ல மேய்ச்சல் இடத்தைப் பெரியவை பிடித்துக்கொள்வதால் இளசுகள் விளிம்புக்கும் தள்ளப்படும். சாலையோரமாக, கிட்ட நிற்பவற்றை மட்டும் எண்ணினால் இளசு மிகையாக வரும். இதனால்தான் கோடியிலிருந்து கோடிவரை என்கிறேன். ‘தெரியவில்லை’ கட்டம் கால் பங்கைத் தாண்டினால் அன்றைய கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். தாளைக் கிழிக்கவும் வேண்டாம், காரணத்தோடு வைத்திருங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் அலை அட்டவணையைப் பார்த்துப் போகச் சொல்லும். பழவேற்காட்டுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது காற்றும், ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் தண்ணீரும், முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கிறதா இல்லையா என்பதும். வாடை அடித்தால் தண்ணீர் தெற்கே ஒதுங்கி வடபக்கம் சேறு தெரியும். காற்றுத் திசைக்கும் முகத்துவார நிலைக்கும் தாளில் கட்டம் போடுங்கள். பாடு என்ற முறைவைப்பில் வலை போடும் மீனவர்களிடம் கேட்டால் முகத்துவாரம் எந்த நாள் அடைத்தது என்பதுவரை சொல்வார்கள்.

இப்போது 2020. ஆர்க்டிக்கில் பல களங்களில் அந்த வருடம் வெற்றிடமாகக் கிடக்கிறது. மூன்று நான்கு வருடச் சுழலில் ஒரு வருடம் விட்டுப்போனால் அக்கம்பக்கத்து வருடங்களின் சராசரியால் அதை அடைக்க முடியாது. விட்டுப்போனது உச்சமா சரிவா என்றே தெரியாது. ஆனால் அந்தக் கோடையில் பிறந்தவை 2020 செப்டம்பரிலும் அக்டோபரிலும் உங்கள் சாலையோரம் வந்து நின்றிருக்கின்றன. யாராவது படம் எடுத்திருப்பார்கள். இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏறிய படங்கள், நெல்லூர், திருவள்ளூர், சென்னை ஆட்களின் ஹார்ட் டிஸ்கில் கிடப்பவை என்று தேடுங்கள். அழகாக ஒற்றைப் பறவையை எடுத்த படம் பயன்படாது. படம் எடுப்பவர் பளிச்சென்ற இளசைத்தான் தேர்ந்தெடுப்பார். கூட்டமாக எடுத்த அகலப் படங்கள் மட்டும் வேண்டும். கேமராவின் தேதி சரியா என்று அதே அட்டையிலுள்ள வேறு படங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே கூட்டத்தைப் பத்து முறை எடுத்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்தையும் இரண்டு பேர், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று மாதம் இதே வேலையை நீங்கள் செய்திருக்கிறீர்கள் அம்மா. இந்த வட்டாரத்தில் இதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் அந்தத் திறமையை வெறும் எக்செல் என்று மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆர்க்டிக் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் ஆய்வுத் திட்டங்களுக்கு அழைப்பு விடுக்கும். 2023 டிசம்பர் முதல் ஹிமாத்ரிக்குக் குளிர்காலத்திலும் ஆள் போகிறார்கள். திட்டம் வைத்திருக்கும் ஒரு வழிகாட்டியோடு சேர்ந்துதான் போக முடியும். விசா கேட்கும்போது இரட்டை நுழைவு கேளுங்கள். ஸ்வால்பார்டு, ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரமான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஒற்றை நுழைவில் போனால் திரும்பி நார்வேக்குள் வரும்போது சிக்கல். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஜூன் மாதம். முதல் வயது உள்ளான்களில் பல வடக்கே திரும்பாமல் கோடையை இங்கேயே கழிக்கும். மற்றவை துருநிறம் ஏறி மே மாதத்துக்குள் போய்விடும். ஜூன் 1 முதல் 20-க்குள் சாம்பல் நிறத்திலேயே நிற்பவை பெரும்பாலும் முந்தைய வருடம் பிறந்தவை. ஸ்கோப் இல்லாமலே இதை எண்ணலாம். ஏரியின் வடபாதி அப்போது பெரும்பாலும் காய்ந்துகிடக்கும். ஈரம் மிஞ்சிய இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு வருடமும் அவற்றுக்கே போங்கள். ஒன்றுகூட இல்லாவிட்டால் இடத்தின் பெயர், தேதி, பூஜ்யம் என்று எழுதுங்கள். வெறுமனே விட்டுவிட்டால், பறவை இல்லையா, நீங்கள் போகவில்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. தாளைப் பென்சிலில் எழுதி, படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.