ஊரணிக் கரையில் என்ன பூ விதைப்பது, எப்போது விதைப்பது?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊரணியின் வடகரையை ஒட்டி 20 சென்ட் பொது இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து சுத்தம் செய்து, வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் வருகிற மாதிரி பூ விதைக்க நினைக்கிறோம். இணையத்தில் ‘காட்டுப்பூ விதைக் கலவை’ என்று ஒரு பாக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா? ஒரு கிலோ போதுமா? பொங்கலுக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் வரும்போது பூத்திருக்க வேண்டும்.

பதில்: பாக்கெட் வேண்டாம். அதன் பின்பக்கத்தில் பாப்பி, கார்ன்ஃபிளவர் என்று எழுதியிருந்தால் அவை ஐரோப்பியத் தட்பவெப்பத்துக்குப் பழகிய செடிகள். 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் ஓராண்டுப் பூச்செடிகளை விதைத்து வெளி முழுவதும் பூக்க வைத்த படங்களைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அதுபோல வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் செடிகளுக்கு நம் மார்கழி ஒரு குளிரே இல்லை.

பாக்கெட்டில் காஸ்மாஸ், ஜினியா, செண்டுமல்லி இருந்தால் கதை வேறு. அவை மெக்சிகோ பக்கத்துச் செடிகள், வெயில் தாங்கும், நம்மிடம் நன்றாகவே வளரும். ஓரத்தில் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாலைக்குக் கட்டுகிற, இதழ் அடுக்கடுக்காக இருக்கும் செண்டுமல்லி வேண்டாம். அந்த நெரிசலுக்குள் தேனீயால் தேன் இருக்கும் இடத்தைத் தொட முடியாது. ஒற்றை அடுக்கு இதழ் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வெளிநாட்டுப் பூக்களின் குறை வேறொன்று. வண்ணத்துப்பூச்சி தேனைப் பல வகைப் பூக்களில் குடிக்கும். முட்டையைக் குறிப்பிட்ட சில செடிகளில்தான் இடும். புழு தின்ன அந்த இலை இல்லாவிட்டால், வந்தவை விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். நீங்கள் ‘புதர்’ என்று சொன்ன இடத்தில் அந்தச் செடிகளில் பாதி ஏற்கெனவே இருக்கும் என்பது என் கணிப்பு. எருக்கு இருக்கிறதா? ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் போட்ட வெந்தய வரியனின் புழு அதைத்தான் தின்னும். ஆவாரையும் தகரையும் இருந்தால், வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். தண்ணீர் ஓரத்து நீர்முள்ளிக்கும் அதற்கென்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. இறக்கையில் மயில்தோகைக் கண் போலப் புள்ளி இருக்கும்.

ஆகவே ஜேசிபியை வரவழைத்து மொத்தமாக வழித்துவிடாதீர்கள். எடுக்க வேண்டியவை சீமைக்கருவேலம், பார்த்தீனியம், உண்ணிச்செடி இந்த மூன்றும்தான். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள்; சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பு வரும். கரையின் உட்சரிவில் மட்டும் மண்வெட்டி படவே கூடாது. மழைக்கு முன் அந்த மண்ணைக் கிளறினால், முதல் பெருமழையிலேயே அது கரைந்து ஊரணிக்குள் போய்விடும். வரத்துக்காலிலும் விதைக்க வேண்டாம். அங்கே செடி அடர்ந்தால் தண்ணீர் வரத்து தடைபடும், ஊரே உங்களைத் திட்டும்.

சரி, விதைக்கு வருவோம். எங்கும் அலைய வேண்டாம். நாட்டு எள், சணப்பை, கொத்தமல்லி, தினை, நாட்டுச் சூரியகாந்தி, இவை போதும். எள்ளின் குழல் பூவுக்கும் சூரியகாந்திக்கும் தேனீக்கள் தேடி வரும். சணப்பையின் மஞ்சள் பூவை அழுத்தித் திறக்கப் பலம் வேண்டும். உத்தரத்து மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டுக்கு அது இருக்கிறது. கொத்தமல்லிப் பூவின் தேன் ஆழத்தில் இல்லை, அதனால் நாக்கு நீளம் இல்லாத சிறு ஈக்களுக்கும் குளவிகளுக்கும் அது எட்டும். அவற்றில் பல, பக்கத்து வயலின் அசுவினியையும் புழுவையும் தின்று தீர்க்கிற இனங்கள். தினை பூவுக்காக இல்லை. கதிர் முற்றியதும் சில்லைகளும் சிட்டுக்குருவிகளும் வரட்டும் என்றுதான்.

இவற்றோடு தும்பையும் நாய்வேளையும் சேர்ந்தால் நல்லது, ஆனால் அவை கடையில் கிடைக்காது. தும்பையின் காய்ந்த கொண்டைகளை வயல் வரப்பிலிருந்து சேகரித்து உதிர்த்துவிடுங்கள். கிலுகிலுப்பை கிடைத்தால் விடாதீர்கள். அது காயும்போது வரியன் வகை ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைப் பார்க்கலாம். இணையை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்க அவற்றுக்கு வேண்டிய வேதிப்பொருள் அந்தச் செடியில் இருக்கிறது. மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவன் வருமா என்று யாராவது கேட்பார்கள். வராது, அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குரியது.

அளவு: 20 சென்ட் என்பது ஏறக்குறைய 800 சதுர மீட்டர். எள் மட்டும் விதைத்தால் ஏக்கருக்கு 2 கிலோ கணக்கில் 400 கிராம் ஆகும். இது கலவை என்பதால் எள் 100 கிராம், சணப்பை அரைக் கிலோ, கொத்தமல்லி 200, தினை 100, சூரியகாந்தி 100 கிராம் போதும். ஆக ஒரு கிலோதான் வருகிறது, உங்கள் கணக்கு சரி. இதற்கு மேல் அடர்த்தியாக விதைத்தால் சணப்பை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். மளிகைக் கடை எள்ளும் மல்லியும் முளைக்கும், தோல் நீக்கிய எள்ளாக இல்லாத வரை. எதற்கும் 20 விதையை ஈரத்துணியில் மடித்துவைத்துப் பாருங்கள்; பாதிக்கு மேல் முளைத்தால் நம்பலாம். மல்லியை இரண்டாக உடைத்து விதையுங்கள்.

ஒன்றில் கவனம் தேவை. நீலம், சிவப்பு என்று சாயம் பூசிய வீரிய ரக விதையைத் தொடாதீர்கள். அவற்றில் பல பூச்சிமருந்து நேர்த்தி செய்தவை. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். எந்தத் தேனீக்காக விதைக்கிறீர்களோ அதற்கே விஷம் வைத்த மாதிரி ஆகும்.

உரமும் போட வேண்டாம். சாணி எரு கொட்டினால் அருகும் கோரையும்தான் செழிக்கும், பூச்செடிகள் இலையாகவே வளரும். செம்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்குக் கொத்திப் பொடியாக்கினால் போதும். கலவையைப் பத்துப் பங்கு காய்ந்த மணலோடும் ஒரு பிடி சாம்பலோடும் சேர்த்து, நீளவாக்கில் பாதி, குறுக்குவாக்கில் பாதி என்று தூவுங்கள். பிறகு முள்ளை இழுத்து மேலாக மூடி, லேசாக மிதித்துவிடுங்கள். விதைத்து மூடாமல் விட்டால் எள்ளை இரண்டே நாளில் எறும்பு புற்றுக்குக் கொண்டுபோய்விடும். வெட்டிய சீமைக்கருவேல முள்ளையே சுற்றி வேலியாகப் போடுங்கள், ஆட்டிலிருந்து தப்பிக்க அதுதான் வழி. ஆடு வாய் வைக்காத இடம் என்று செட்டிநாட்டில் எதுவும் இல்லை.

ஒரு மூலையில், காலடி படாத இடமாகப் பார்த்து, பத்தடிக்குப் பத்தடி வெறும் மண்ணை அப்படியே விட்டுவையுங்கள். தனித்து வாழும் தேனீக்களில் பல மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டும். இப்போதெல்லாம் ஊரணிக் கரை முழுவதும் சிமென்ட் பூசுகிறார்களே, அதில் முதலில் வீடிழப்பது இவைதான்.

பொங்கல் கணக்கு இது. எள் 35 முதல் 40 நாளில் பூக்கத் தொடங்கும். சணப்பைக்கு 45 முதல் 60 நாள். மொத்தத்தையும் புரட்டாசியிலேயே விதைத்தால், கார்த்திகையில் பூத்து முடிந்து, ஊர்க்காரர்கள் வரும்போது காய்தான் இருக்கும். ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு பாதி இடத்தில் விதையுங்கள், மீதியைக் கார்த்திகை இரண்டாம் வாரத்தில். தண்ணீர் தேங்கினால் எள் அழுகிவிடும், அதனால் தாழ்ந்த இடத்துக்கான கலவையில் எள்ளைச் சேர்க்காமல் மேட்டுப் பக்கம் மட்டும் போடுங்கள். கார்த்திகையில் அடைமழை பிடித்தால் இரண்டாம் விதைப்பில் கொஞ்சம் சேதம் வரும், அதற்குக் கால் கிலோ விதையைக் கையிருப்பில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து, தை கடைசியில் நூறு நாள் வேலைக்காரர்கள் வந்து ‘கரையைச் சுத்தம் செய்கிறோம்’ என்று வழித்துவிட்டால் எல்லாம் வீண். இப்படித்தான் பல ஊர்களில் நடக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போடும்போதே எப்போது வெட்டுவது என்றும் எழுதிவிடுங்கள்: பங்குனிக்கு முன் அரிவாள் கூடாது, பங்குனியிலும் பாதி இடம்தான், அடுத்த பாதி ஒரு மாதம் கழித்து. காய் வெடித்து விதை உதிர்ந்த பிறகு வெட்டினால் தும்பையும் நாய்வேளையும் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். எள்ளும் சணப்பையும் மட்டும் கொஞ்சம் வாங்கினால் போதும். பாம்பு வரும் என்று பெண்கள் புகார் சொல்வார்கள், அது நியாயமானதுதான். படித்துறைக்குப் போகும் வழியின் இருபுறமும் மூன்றடி அகலத்துக்குப் புல்லை எப்போதும் ஒட்ட வெட்டியே வைத்திருங்கள்.