கிளந்தான் மலாய் பிடிபடவில்லையா?

வேலை மாறி, மலேசியாவின் கிளந்தான் மாநிலத் தலைநகர் கோத்தா பாரு வந்து ஒரு மாதமாகியும், பள்ளியில் படித்த மலாயை வைத்து அக்கம்பக்கத்தார் பேச்சு புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். மாற்றங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. சொல்லின் கடைசியில் வரும் 'ஆன்', 'ஆம்' அங்கே 'ஏ' ஆகிவிடும்: மாக்கான் (சாப்பிடு) மாக்கே, இக்கான் (மீன்) இக்கே, ஆயாம் (கோழி) ஆயே. ஈற்று 'ஆ' பெரும்பாலும் 'ஓ' ஆகும். 'கெடாய்' வெறும் 'கெடா'. நம் 'கடை'தான் மலாய்க்குப் போய்க் கெடாய் ஆனது, இது எனக்கு எப்போதும் இனிக்கும்! காப்போ (என்ன), பாக்போ (ஏன்), பித்திஹ் (பணம்) போன்றவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும். 'சாயா'வுக்குப் (நான்) பதில் பணிவாக 'அம்போ' என்று தொடங்குங்கள். காலையில் 'சித்தி கதீஜா' என்ற பெயருள்ள சந்தைக்குப் போய், அங்கே விற்கும் அம்மாக்களிடம் கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள்.