பைதானிலிருந்து சி-க்குப் பாலம்: எதைப் படிப்பது?

கேள்வி: பைதான் ஓரளவு தெரியும். சி நூலகங்களை அதிலிருந்து அழைக்க சிடைப்ஸ் (ctypes) என்ற பைதான் தொகுதியைப் பழகுகிறேன். கிடைப்பதெல்லாம் பத்து வரி உதாரணங்கள். கொஞ்சம் மாற்றி எழுதினால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டு நிரல் விழுகிறது. முழுமையான ஆவணம் எங்கே இருக்கிறது?

பதில்: ஒரே இடத்தில் இல்லை. பலரும் தடுமாறுவது இதனால்தான். 2006-ல் பைதான் 2.5 வந்ததிலிருந்து சிடைப்ஸ் பைதானோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அதன் அதிகாரபூர்வ பக்கம் பாலத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். அக்கரையில் இருக்கும் ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் தரும், நினைவகத்தை யார் விடுவிக்க வேண்டும் என்பதையெல்லாம் சி ஆவணம்தான் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

சூழல் மாறியின் (environment variable) பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தரும் கெட்என்வ் (getenv) ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் டெர்மினலில் 'மேன் 3 கெட்என்வ்' (man 3 getenv) கொடுங்கள், அதன் கையேட்டுப் பக்கம் திறக்கும். உபுண்டுவில் பக்கம் வராவிட்டால் மேன்பேஜஸ்-டெவ் (manpages-dev) பேக்கேஜை நிறுவ வேண்டும். 3 என்பது நூலக ஃபங்ஷன்களின் பிரிவு. இயங்குதளத்தின் கருவையே அழைக்கும் சிஸ்டம் கால்கள் (system calls) 2-ல் இருக்கும். ஃபங்ஷனின் வடிவத்தைக் காட்டும் சினாப்சிஸ் (SYNOPSIS) வரியைப் பாருங்கள்: கேர் பாயின்டர் (char *, அதாவது சரத்தின் முகவரி) வாங்குகிறது, கேர் பாயின்டர் தருகிறது. சிடைப்ஸ் பக்கத்தின் தரவுவகை அட்டவணையில் அதற்கு இணை சி_கேர்_பி (c_char_p). ஃபங்ஷன் வாங்கும் வகைகளைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் (argtypes), தரும் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் (restype) இரண்டிலும் அதை எழுதிய பிறகே ஃபங்ஷனை அழையுங்கள்.

ரெஸ்டைப் எழுதாவிட்டால் திரும்பி வருவது இன்ட் (int, முழு எண்) என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரி 32 பிட்டாக வெட்டுப்பட்டு ஏதோ ஓர் எண் வரும். அதை முகவரி என்று நம்பி இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் நிரல் விழும். உங்களுக்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆர்க்டைப்ஸை விட்டுவிட்டால் வரும் கோளாறு இன்னும் மோசம், ஏனென்றால் சத்தமே இருக்காது. HOME என்ற சூழல் மாறியின் பெயரை b முன்னொட்டு இல்லாமல் (b"HOME" என்று பைட்ஸாக எழுதாமல்) சாதாரண சரமாகக் கொடுத்தால், லினக்ஸில் எழுத்துக்கு 4 பைட் வீதம் போகும். H-ஐ அடுத்து வரும் சுழி பைட்டைப் பார்த்ததும் சரம் முடிந்தது என்று சி நின்றுவிடும். H என்ற பெயரில் ஒரு மாறியைத் தேடும். கிடைக்காது, நன் (None) வரும். ஆர்க்டைப்ஸ் இருந்தால் பைதானே ஆர்க்யுமென்ட்எரர் காட்டித் தடுத்திருக்கும்.

மேன் பக்கத்தில் நினைவகத்தை விடுவிப்பதைக் குறிக்கும் 'ஃப்ரீ' (free) என்ற சொல்லையும் தேடுங்கள். சரத்தை நகலெடுத்துத் தரும் ஸ்டிர்டூப் (strdup) தருவதை நாம்தான் விடுவிக்க வேண்டும். அதற்கு ரெஸ்டைப் சி_கேர்_பி என்று வைத்தால் பைதான் அதை பைட்ஸாக மாற்றிவிடும். முகவரி கைவிட்டுப் போகும், நினைவகம் கசியும். அங்கே முகவரியை அப்படியே தரும் சி_வாய்ட்_பி (c_void_p) வையுங்கள்.

மேன் பக்கம் இல்லாத நூலகத்துக்கு, நிறுவியிருக்கும் பதிப்பின் ஹெடர் கோப்பே (ஃபங்ஷன்களும் தரவு வடிவங்களும் அறிவிக்கப்படும் .h கோப்பு) ஆவணம். இணையத்தில் கிடைக்கும் ஹெடர் வேறு பதிப்பாக இருக்கலாம். பல மதிப்புகளை வரிசையாகத் தொகுக்கும் ஸ்ட்ரக்ட்டில் (struct) ஒரு ஃபீல்டு கூடியிருந்தாலும் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் மாறிவிடும்.

கேள்வி: கால்பேக் (callback), அதாவது சி திருப்பி அழைப்பதற்காகக் கொடுக்கும் பைதான் ஃபங்ஷன், கொஞ்ச நேரம் சரியாக ஓடி, பிறகு நிரல் விழுகிறதே?

பதில்: பைதான் ஃபங்ஷனை சி அழைக்கும்படி மாற்றும் சிஃபங்டைப் (CFUNCTYPE) கொண்டு செய்த பொருளை எந்த மாறியிலும் வைத்திருக்க மாட்டீர்கள். பைதான் அதைக் குப்பையாக அள்ளிவிடும், சி பழைய முகவரியையே அழைக்கும். சி பயன்படுத்தும் வரை அதை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள்.